மூன்று கல்லிலும் ஒரே புள்ளி

ஜூன் 2, திங்கள்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சம்பந்தி வீட்டிலிருந்து வந்த வைரத்தை நான் நக்கிப் பார்த்தேன்.

பார்ப்பதற்குக் கற்கண்டு உடைசல் மாதிரி இருந்தது. மகள் வினோ முகம் கழுவப் போயிருந்தாள். வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். யாரும் பார்க்கவில்லை. ருசி ஒன்றும் இல்லை, கொஞ்சம் குளிர்ச்சி, அவ்வளவுதான். வைரத்தை விழுங்கினால் உயிர் போய்விடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நக்கினால் என்ன ஆகும் என்று யாரும் சொன்னதில்லை. இப்போது மணி ஆறு. இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

இந்த டைரி மண்டி அண்ணாச்சி கொடுத்தது. முதல் பக்கத்தில் என்னென்னவோ கேட்டிருந்தார்கள். பெயர்: பேச்சியம்மாள். தொழில்: மதுரை கீழமாசி வீதி மளிகை மண்டியில் பருப்பில் கல் பொறுக்குவது, இருபத்திரண்டு வருஷமாக. ரத்த வகை: சிவப்பு.

ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு நான் எழுதியது கோலம் மட்டும்தான். இப்போது எழுதுவது சம்பந்தியம்மாள் சௌந்தரவல்லி சொன்னதால். என் மகள் வினோதினியை அவர் பிள்ளைக்குப் பேசியிருக்கிறது. வரும் இருபதாம் தேதி பூ வைக்கிறார்கள். மருமகளுக்கு வைர மூக்குத்தி போட்டுக் கூட்டிப்போவது அவர்கள் வீட்டு வழக்கம். வைரத்தை உடனே மூக்குத்தியில் கட்டக் கூடாதாம். வெறுங்கல்லாக எட்டு நாள் பெண் வீட்டில் வைத்திருந்து, கெட்ட கனவு வருகிறதா, பால் திரிகிறதா, யாராவது வழுக்கி விழுகிறார்களா என்று பார்த்து, சரிப்பட்டால்தான் கட்ட வேண்டுமாம். கடைக்காரரும் தெரிந்தவர் என்பதால் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

"நடக்கறதை ஒரு நோட்டுல எழுதி வைங்க மதினி. மறந்துபோயிரும்" என்றார் சம்பந்தியம்மாள். சர்க்கார் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு எல்லாம் எழுத்தில் வேண்டும்.

எழுதிவிட்டேன். டைரியை அவரிடம் காட்டும்போது, நக்கியது தெரியாமல் இந்தப் பக்கத்தை ஒட்டிவிட வேண்டும்.

ஜூன் 3, செவ்வாய்

கனவில் செத்துப்போன என் மாமியார் வந்து காப்பி கேட்டார். கொடுத்தேன். ஆறிப்போயிருக்கிறது என்றார். இது நல்ல கனவா கெட்ட கனவா என்று தெரியவில்லை. உயிரோடு இருந்தபோதும் அதைத்தான் சொல்வார்.

பால் திரியவில்லை. யாரும் விழவில்லை.

காலையில் ஜன்னல் பக்கம் போய்க் கல்லை உள்ளங்கையில் வைத்து நன்றாகப் பார்த்தேன். நடுவில் ஒரு கரும்புள்ளி. சீரகத்தில் பாதி இருக்கும். அதிலிருந்து மயிரிழை மாதிரி இரண்டு மூன்று பிரிந்து போகிறது.

ஜூன் 4, புதன்

புள்ளி இருக்கிறது. கழுவியும் போகவில்லை. இந்த வருஷம் கொசுவும் அதிகம்.

ஜூன் 5, வியாழன்

மண்டியில் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். ஓட்டலுக்குப் போன துவரம்பருப்பில் கல் கிடந்ததாம். சாம்பார் சாப்பிட்டவர் பல்லைக் கையில் எடுத்துக்கொண்டு சண்டைக்கு வந்தாராம்.

"பேச்சி, முந்தியெல்லாம் உன் பருப்புல ஒரு கல்லு கெடச்சா மோதிரத்துல பதிச்சுப் போட்டுக்குவேன்னு சொல்லுவேன். இப்ப ஒரு வீடே கட்டலாம் போல."

"கட்டுங்க அண்ணாச்சி. கிரகப்பிரவேசத்துக்கு நான் வாறேன்."

அவர் சிரிக்கவில்லை. எப்போதும் சிரிப்பார்.

என்னோடு கல் பொறுக்கும் அங்கம்மாளிடம் வைரத்தைப் பற்றிச் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"புள்ளியிலருந்து காலு காலாப் பிரியுதா?"

"ஆமா."

"காக்காய்க் காலுடி அது. அதைப் போட்டா போடுறவ புருஷனுக்கு ஆகாது."

இரண்டு நாள் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் வினோவின் முகம் ஞாபகம் வந்தது. அந்தப் பையனின் முகமும். நல்ல பையன். போன தடவை வந்தபோது என் உளுந்த வடையில் ஆறு சாப்பிட்டுவிட்டு, கணக்கில் மூன்று என்று சொன்னான்.

ஜூன் 7, சனி

சம்பந்தியம்மாளுக்குப் போன் போட்டேன்.

"மதினி, கல்லு பளபளன்னுதான் இருக்கு. ஆனா நடுவுல ஒரு கரும்புள்ளி கெடக்கே."

"புள்ளியா? கடையில தரம் எழுதிச் சீட்டுக் குடுத்திருக்காங்களே."

"சீட்டு என்ன வேணா சொல்லும். நான் இருபத்திரண்டு வருசமாக் கல்லுப் பொறுக்குறவ. என் கண்ணு பொய் சொல்லாது. காக்காய்க் கால் மாதிரி பிரியுது மதினி."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று "அலோ, அலோ" என்றேன்.

"இருக்கேன்" என்றார். "காக்காய்க் கால்னா என்ன அர்த்தம்னு தெரிஞ்சுதான் பேசுறீங்களா? அவ புருஷன்னா யாரு? நான் பெத்த பிள்ளை. அவனுக்கு ஆகாத கல்லை நானே தேடிப்பிடிச்சு வாங்கியாந்தேன்னு சொல்றீங்க."

"உங்களையா சொன்னேன், காக்காயைச் சொன்னேன்" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். வேறு கல் அனுப்புவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

ஜூன் 9, திங்கள்

வேறு கல் வந்தது. அதே புள்ளி. அதே இடம்.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கல்லைக் கையில் வாங்கி, ஜன்னலுக்குக் கொண்டுபோய், திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார். அவருக்கு எதுதான் தெரிந்திருக்கிறது. கல்யாணம் ஆகி ஏழு வருஷம் கழித்துத்தான் என் இடது கன்னத்தில் மச்சம் இருப்பதைப் பார்த்தார்.

சுவரில் ஒரு கொசுவை அடித்தேன். கையில் ஒன்றும் ஒட்டவில்லை. இன்னொன்று. அதுவும் தப்பித்துவிட்டது.

"எதுக்குடி சொவத்தை அடிக்கிற?"

"கொசு."

"கொசு எங்கடி இருக்கு?"

அவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது என்று நான் ஏற்கனவே சொன்னேன் அல்லவா.

ஜூன் 11, புதன்

மூன்றாவது கல்லிலும் புள்ளி இருக்கிறது. எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. ஒரு கடையில் இருக்கிற எல்லாக் கல்லிலும் ஒரே காக்காய் வந்து உட்காருமா?

வினோ சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தாள்.

"அம்மா, இதுல விஎஸ் ஒண்ணுன்னு போட்டிருக்கு. வெறுங்கண்ணால பாத்தா ஒண்ணும் தெரியாதுன்னு அர்த்தம். நீ மட்டும் எப்படிப் பாக்குற?"

"என் கண்ணு அப்படி."

"அப்ப ஊசியில நூலு கோக்க ஏன் நேத்து என்னைக் கூப்பிட்ட?"

"நீ புருஷன் வீட்டுக்குப் போறதுக்குள்ள கத்துக்கட்டுமேன்னுதான்."

எழுந்து போய்விட்டாள். இந்தப் பிள்ளைக்குக் கேலி பிடிக்காது. அப்பாவைக் கொண்டது.

ஜூன் 12, வியாழன்

சம்பந்தியம்மாள் என்னிடம் பேசவில்லை. வினோவுக்குத்தான் செய்தி அனுப்பியிருக்கிறார். "மூன்று கல் மாற்றியாகிவிட்டது. குறை கல்லில் இல்லை, உங்கள் அம்மாவுக்கு இந்தச் சம்பந்தத்தில் மனசு இல்லை என்று நினைக்கிறேன். பதினெட்டாம் தேதிக்குள் ஒரு முடிவு சொல்லுங்கள். இல்லையென்றால் பூ வைப்பதை நிறுத்திக்கொள்வோம்." எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

வினோ குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். அரை மணி நேரம். வெளியே வந்தபோது குளித்திருக்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

அரை நாள் லீவு சொல்லிவிட்டு நகைக்கடைக்கு நானே போனேன். கல்லைப் பார்த்துத் தரம் சொல்கிற பெண் பெயர் மெர்லின். முப்பது வயது இருக்கும். மாடியில் ஒரு வெள்ளை மேசை, வெள்ளை விளக்கு. என்னை நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"நீங்கதான் பேச்சியம்மாவா? மூணு கல்லைத் திருப்பி அனுப்பினவங்க?"

"ஆமாத்தா. உங்க கல்லுக்கெல்லாம் ஒரே அம்மா அப்பா போல."

அவள் சிரித்தாள். இந்தப் பத்து நாளில் என் பேச்சுக்குச் சிரித்த முதல் ஆள்.

சின்னக் கண்ணாடி ஒன்றை என் கண்ணோடு ஒட்டிப் பிடிக்கச் சொன்னாள். பத்து மடங்கு பெரிதாகக் காட்டுமாம். இடுக்கியில் மூன்றாவது கல்லைப் பிடித்துக் கிட்டத்தில் கொண்டுவந்தாள். நான் மூச்சு விட்டதும் கல்லில் ஆவி படிந்துவிட்டது.

"மூச்சு விடாதீங்கம்மா."

"எவ்வளவு நேரத்துக்கு?"

தரம் எப்படிப் பார்ப்பார்கள் என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னாள். பூமிக்குள்ளே வெந்து உண்டாகும்போதே கல்லுக்குள் ஏதாவது மாட்டிக்கொள்ளுமாம். புள்ளி, கீறல், மேகம் மாதிரி, இறகு மாதிரி. ஐந்து விஷயம் பார்ப்பார்களாம். குறை எவ்வளவு பெரிசு, எத்தனை இருக்கிறது, எந்த இடத்தில் இருக்கிறது, என்ன மாதிரிக் குறை, எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு பார்ப்பதில்லை.

மொத்தம் பதினொரு தரம். எங்கள் மண்டியில் துவரம்பருப்புக்கு மூன்றுதான்: வீட்டுக்கு, ஓட்டலுக்கு, மாட்டுக்கு. இங்கே முதல் தரத்தில் குறையே இருக்காது. அப்படிப்பட்ட கல்லை அவள் வேலைக்கு வந்த ஆறு வருஷத்தில் பார்த்ததே இல்லையாம். அடுத்தது மேலே மட்டும் லேசாகக் கோடு இருக்கும். பிறகு விவிஎஸ் என்று இரண்டு, பழகின கண்ணுக்கே கண்ணாடியில் தேட வேண்டியிருக்கும். விஎஸ் இரண்டு, தேடினால் கிடைக்கும். எஸ்ஐ இரண்டு, கண்ணாடியில் சட்டென்று தெரியும். கடைசி மூன்றில்தான் வெறுங்கண்ணுக்கே தெரியுமாம்.

"அப்ப என் கல்லு கடைசித் தரம்தானே? எனக்குத்தான் வெறுங்கண்ணுக்கே தெரியுதே."

"இல்லம்மா. உங்க கல்லுல குறை இருக்கு. ஆனா நீங்க சொல்ற குறை இல்ல. இப்ப பாருங்க, இடுப்புக்கிட்ட."

"கல்லுக்கு இடுப்பா?"

"ஓரத்தை இடுப்புன்னுதான் சொல்லுவோம்."

பார்த்தேன். ஓரத்தில் வெள்ளையாக, கோழிக்குஞ்சின் இறகு நுனி மாதிரி ஏதோ ஒன்று. அழகாகக்கூட இருந்தது. ஆனால் நடுவில் என் கரும்புள்ளியும் இருந்தது.

"இறகு தெரியுது. புள்ளியும் தெரியுது."

அவள் இடுக்கியை மெதுவாகத் திருப்பினாள். "இறகு திரும்புதா?"

"திரும்புது."

"புள்ளி?"

"அது நடுவுலயே நிக்குது."

"கல்லுக்குள்ள இருக்கிற எதுவும் கல்லு திரும்பினா கூடவே திரும்பணும்மா."

இதில் எனக்குக் குழப்பம்தான் கூடியது. கல்லை எடுத்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்தாள்.

"இதுல ஏதாவது தெரியுதா?"

"ஒரு புள்ளி. ரெண்டு மூணு நூலு. உங்க கடையில தாளும் மட்டம்தான் போல."

அவள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னாள், அப்புறம் இன்னொரு கண்ணை. பிறகு எனக்குச் சர்க்கரை உண்டா என்று கேட்டாள். டீக்கு இரண்டு ஸ்பூன் என்றேன்.

"இன்னைக்கே கண்ணாஸ்பத்திரிக்குப் போங்கம்மா. நாளைக்குன்னு வைக்காதீங்க."

கல்லைப் பற்றிக் கேட்க வந்தால் கண்ணைப் பற்றிப் பேசுகிறாள். டீ வரவழைத்துக் கொடுத்தாள். சர்க்கரை போடவில்லை. மறந்துவிட்டாள் போல.

ஜூன் 14, சனி

வலது கண்ணை மூடினால் புள்ளி இல்லை. இடது கண்ணை மூடினால் இருக்கிறது. காலண்டர் முருகன் மேல் இருக்கிறது. கோலத்தில் இருக்கிறது. வீட்டுக்காரர் மூக்கிலும் இருந்தது. அவரை எந்தக் கடையிலும் மாற்றிக்கொடுக்க மாட்டார்கள்.

மண்டியில் சும்மா ஒரு விளையாட்டு விளையாடினேன். ஒரு படி பருப்பை இரண்டு கண்ணாலும் பார்த்துப் பொறுக்கினேன். மூன்று கல். அதே பருப்பை வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். இன்னும் பதினொன்று.

அங்கம்மாள், "எதுக்குடி கண்ணடிக்கிற?" என்றாள். அண்ணாச்சியைப் பார்த்து என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

எழுத ஒன்றும் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

போன வருஷம் மண்டியில் இலவச முகாம் போட்டு எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். எனக்கு ஒரு சீட்டு வந்தது. ஏதோ எண்ணைச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தார்கள். பெரிய டாக்டரைப் பார் என்று அண்ணாச்சி சொன்னார். பார்க்கலாம் என்று இருந்தேன். அந்தச் சீட்டு இந்த டைரிக்குள்தான் இருக்கிறது. பக்கம் தவறாமல் இருக்க வசதியாக இருக்கிறது.

நான் நினைப்பது இதுதான். கல் நல்ல கல் என்று இப்போது சொன்னால், பிறகு ஏன் மூன்று தடவை திருப்பினாய் என்று கேட்பார்கள். கண் சரியில்லை என்று சொன்னால், பெண் வீட்டில் நோய் என்று ஆகும். ஒன்றும் சொல்லாவிட்டால் பூ வைப்பது நின்றுவிடும். மூன்றும் மட்டமான தரம்தான். இதில் எது கொஞ்சம் தேவலாம் என்று பார்க்க எந்தக் கண்ணாடி இருக்கிறது என்று தெரியவில்லை.

ஜூன் 16, திங்கள்

காலையில் வினோ வேலைக்குக் கிளம்பும்போது, "கல்லு நல்ல கல்லுதான்டி" என்றேன்.

"அப்ப ஏம்மா இவ்வளவும்?"

டைரியிலிருந்து ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்துக் கொடுத்தேன். படித்தவள் செருப்போடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எழுத்துக்கூட்டிப் படிக்கிற நானே அதை நின்றுகொண்டுதான் படித்தேன்.

"ஒரு வருசமா வச்சிருக்கியேம்மா."

"பத்திரமா வச்சிருந்தேன்ல."

இதற்கும் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்னப் பிள்ளையில் ரோட்டைத் தாண்டும்போது பிடிப்பாளே, அந்தப் பிடி. சௌந்தரவல்லி அத்தையிடம் நீயே நேரில் சொல்லிவிடு, நான் ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்கிறேன் என்றாள். எதற்கு என்று அவர்களிடம் சொல்லாதே, நானே சொல்கிறேன் என்றேன்.

சம்பந்தியம்மாளுக்குப் பிடித்த மைசூர்பாகு அரைக்கிலோ வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு துண்டு எடுக்கப் போனேன். வினோ டப்பாவை மேல் தட்டில் வைத்துவிட்டாள்.

ஜூன் 18, புதன்

காலை ஏழு மணிக்கே போனோம். கண்ணில் மருந்து விட்டார்கள், அரை மணிக்கு ஒரு தரம், மூன்று தடவை. பிறகு டாக்டரம்மா விளக்கு அடித்து உள்ளே பார்த்தார். அவர் கையிலிருந்த கண்ணாடியைப் பார்த்ததும், "பத்து மடங்கா?" என்று கேட்டேன். அதைவிடப் பெரிசு என்றார்.

கண்ணுக்குள்ளே ரத்தக்குழாய் கசிந்து ரத்தம் மிதக்கிறதாம். காக்காய்க் கால் அதுதான். எவ்வளவு பெரிசு, எத்தனை, எந்த இடத்தில் என்று பக்கத்திலிருந்த நர்ஸிடம் சொல்லிச் சொல்லி எழுதவைத்தார். கண்ணுக்கும் தரம் உண்டாம். ஐந்து படி. நான் எந்தப் படி என்று கேட்டேன். வினோவைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். இப்போதாவது வந்தீர்களே என்றார். இருபத்து மூன்றாம் தேதி லேசர், அப்புறம் ஊசி. இடது கண்ணை முழுசாகக் காப்பாற்றிவிடலாம், வலது கண்ணில் முடிந்ததைச் செய்யலாம் என்றார். பருப்புப் பொறுக்க ஒரு கண் போதும் என்று நான் சொல்லவில்லை. நினைத்தேன்.

வினோ மருந்து வாங்க வரிசையில் நின்றாள். நான் வெளியே பெஞ்சில் மைசூர்பாகு டப்பாவோடு உட்கார்ந்திருந்தேன். சம்பந்தியம்மாள் பத்தரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். மருந்து விட்ட கண்ணுக்கு எல்லாமே ஈரத்துணி வழியாகப் பார்க்கிற மாதிரி இருந்தது. பத்தரை இருக்கும், சந்தனக் கலரில் புடவை கட்டிய ஒருவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நான் யோசிக்கவில்லை. யோசித்தால் வராது என்று தெரியும்.

"மதினி, மேல கீழ பேசாம கேளுங்க. நான்தான் தப்பு. குத்தம் உங்ககிட்ட இல்ல, எல்லாம் என் கண்ணு. எனக்குச் சக்கரை இருக்கு, ஒரு வருசமா மறைச்சுட்டேன். நோயாளி வீட்டுப் பொண்ணு வேண்டாம்னு நீங்க சொல்லிருவீங்கன்னு பயம். அவ நல்லவ மதினி. என் வாயி அவளுக்கு இல்ல. என்மேல உள்ள கோவத்தை அவமேல காட்டிராதீங்க."

சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அவரும் அழுதார். என் கையைப் பிடித்தார்.

"விடு. பழசெல்லாம் எதுக்கு? எனக்கும் வயசாச்சு, உனக்கும் வயசாச்சு. நான் மன்னிச்சுட்டேன்" என்றார்.

சர்க்கார் ஆபீசில் இருந்தவருக்கு இவ்வளவு இளகின மனசா என்று ஆச்சரியமாக இருந்தது. டப்பாவைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். அப்போது ஒரு ஆள் வந்து, "அம்மா, பத்தே முக்கால் பஸ்ஸைப் பிடிக்கணும், வா" என்று அவரைக் கூட்டிக்கொண்டு போனார்.

கொஞ்ச நேரத்தில் சந்தனக் கலரில் இன்னொருவர் வந்து நின்றார்.

"என்ன மதினி, வரச்சொன்னீங்களாம்?"

"உங்க பேரென்ன?" என்றேன்.

"விளையாடாதீங்க. சௌந்தரவல்லி."

"எந்த ஊரு?"

"வில்லாபுரம். உங்களுக்கு என்ன ஆச்சு?"

மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். இரண்டாம் தடவை அழுகை வரவில்லை, அதனால் சீக்கிரம் முடிந்துவிட்டது. அவர் உட்கார்ந்தார். கைப்பையைத் திறந்து எதையோ எடுத்து என் மடியில் வைத்தார். தடவிப் பார்த்தேன். மாத்திரை டப்பா. காலை, மதியம், இரவு என்று அறை அறையாக இருந்தது.

"எனக்குப் பதினாலு வருசமாச் சக்கரை" என்றார். "நீங்க வேண்டாம்னுருவீங்கன்னு நானும்தான் சொல்லல."

மூன்று கல்லில் எது நல்ல கல் என்று கேட்டார். மூன்றுமே என்றேன். அப்படியானால் முதலில் வந்த கல்லையே கட்டச் சொல்லிவிடுவதாகவும், வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பூ வைத்துவிடலாம் என்றும் சொன்னார். முதல் கல் நான் நக்கிய கல். அதைச் சொல்லவில்லை.

மருந்து வாங்கிக்கொண்டு வந்த வினோ சொன்னாள், வரிசையில் நிற்கும்போதே எங்கள் டப்பாவோடு போனவரை நிறுத்தி விசாரித்தாளாம். முதலில் என் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கும் கண்ணில் மருந்து விட்டிருந்தார்களாம். இருபது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தன் நாத்தனார் என்று என்னை நினைத்துக்கொண்டாராம். மைசூர்பாகு பரமக்குடிக்குப் போய்விட்டது.